பாடாந்தரத்தை அப்படியே பாடறதா, மாத்திப் பாடறதா? அஞ்சு வழி, ஒவ்வொண்ணுக்கும் ஆகற செலவு

போன மார்கழில ஒரு பொண்ணு என்கிட்ட கேட்டா, பதினோரு வருஷமா கர்நாடக வாய்ப்பாட்டு கத்துக்கறவ. "அண்ணா, டீச்சர் சொல்லிக் குடுத்ததை அப்படியே பாடினா நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நான் பாடற மாதிரி இல்ல, டீச்சர் பாடற மாதிரி இருக்கு. கொஞ்சம் மாத்தினா அவங்க முகம் வாடிடுது. காலேஜ் பசங்க பேண்டுக்குக் கூப்பிடறாங்க, அங்க போனா கத்துக்கிட்டதெல்லாம் போயிடும்னு அம்மா பயப்படறாங்க. நான் என்னதான் பண்றது?"

இதே கேள்வியை வீணை வாசிக்கற பையன் கேட்டிருக்கான், மிருதங்கம் வாசிக்கறவன் கேட்டிருக்கான், பசங்களோட அப்பா அம்மா கேட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் நின்னுக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல எதையோ சொல்லிட்டு அப்புறம் வீட்டுக்கு வந்து சரியா சொல்லலையேன்னு வருத்தப்படுவேன், அதனால இந்தத் தடவை உக்காந்து முழுசா எழுதறேன்.

பாடாந்தரம்னா குரு வழியா வந்த பாட்டோட உருவம். முதல்ல ஒண்ணு. இதை "சம்பிரதாயமா புதுமையா"ன்னு ரெண்டு கட்சியா பிரிச்சா முடிவே வராது, ஏன்னா நாம சம்பிரதாயம்னு நினைக்கற பல விஷயம் நம்ம தாத்தா காலத்துல புதுசு. வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள்ள வந்து சுமார் 200 வருஷம்தான் ஆகுது, முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மெட்ராஸ்ல ஒரு ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டு வந்தது. வர்ணத்துல ஆரம்பிச்சு, நாலஞ்சு கிருதி, ராகம் தானம் பல்லவி, கடைசில சின்னச் சின்ன துக்கடாக்கள்னு இன்னைக்கு இருக்கற கச்சேரி அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிரபலப்படுத்தினது. திருவையாறு ஆராதனைல எல்லாரும் சேர்ந்து உக்காந்து பஞ்சரத்னம் பாடறது 1940கள்ல நிலைச்ச வழக்கம். மைக் வந்ததுக்கு அப்புறம்தான் மெல்லிசான குரலுக்கும் பெரிய ஹால்ல இடம் கிடைச்சது. அதனால கேள்வி பழசா புதுசாங்கறது இல்ல, இந்த சங்கீதத்துல எந்த அடுக்குல கை வைக்கப் போறீங்க, பாட்டோட உருவத்துலயா, உங்க கற்பனைலயா, கச்சேரியோட அமைப்புலயா, ஒலியிலயாங்கறதுதான்.

எதை வச்சு முடிவு பண்றது

நான் அஞ்சு விஷயம் பாப்பேன். உங்க கைல எவ்வளவு பாட்டு கெட்டியா இருக்கு, அதாவது நோட்டைப் பாக்காம, தாளம் தப்பாம, காலைல எழுப்பிப் பாடச் சொன்னா பாடற அளவுக்கு எத்தனை. ரெண்டாவது, நீங்க எடுத்துக்கற ராகமும் பாட்டும் அந்த மாற்றத்தைத் தாங்குமா. மூணாவது, யார் கேக்கப் போறாங்க. நாலாவது, வெளில தெரியாத செலவு, இதுல காசு மட்டும் இல்ல, நேரம், குருவோட உறவு, பக்கவாத்தியக்காரங்களோட பொறுமை எல்லாம் சேரும். அஞ்சாவதுதான் ரொம்ப முக்கியம், அதை யாரும் கேக்கறதே இல்ல: அந்த வழில ரெண்டு வருஷம் போயிட்டு வேண்டாம்னு தோணினா திரும்பி வர முடியுமா?

வழி 1: பாடாந்தரத்தை அப்படியே காப்பாத்தறது

இதுக்கு வீணை தனம்மாள் வீட்டு வழியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சென்னை ஜார்ஜ் டவுன்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்ல வாசிப்பைக் கேக்க வித்வான்களே வந்து உக்காருவாங்க. அவங்க பேத்தி டி. பிருந்தாகிட்ட பதம், அதாவது மெதுவா பாடற காதல் பாட்டு, கத்துக்கறதுக்கு ஏற்கனவே பேர் வாங்கின பாடகர்களே போயிருக்காங்க, ராம்நாடு கிருஷ்ணன் அப்படிப் போனவர்தான். அந்தப் பதங்கள்ல ஒரு ஜாரு, அதாவது ஸ்வரத்துல இருந்து ஸ்வரத்துக்குச் சறுக்கறது, எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்ங்கறது வரைக்கும் பிடிச்சு வச்சிருந்தாங்க, அதை மாத்தினா அந்த ராகத்தோட முகமே மாறிடும். இதை மனப்பாடம்னு நினைக்காதீங்க. ஒரு க்ஷேத்ரக்ஞர் பதத்தை மெதுவா விளம்பத்துல, மூச்சு தெரியாம, ஒரு பிடியும் விடாம பாடிப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

இதுல மறைஞ்சிருக்கற செலவு நேரம். ஒரு பாட்டுக்கு மாசக்கணக்குல ஆகும், அதுவும் நேர்ல உக்காந்து கத்துக்கணும், ஆன்லைன் க்ளாஸ்ல அந்த நுணுக்கத்துல பாதி காதுக்கு எட்டாது. இன்னொரு ஆபத்து, குரு இல்லாம அவரோட பழைய ரெக்கார்டிங்க மட்டும் வச்சு அச்சு எடுத்தா அவருக்கு அன்னைக்கு இருந்த சளி, மூச்சு வாங்கின இடம், வயசான குரலோட தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து பாடாந்தரமா ஆயிடும். நான் அப்படிக் கேட்டிருக்கேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

குருவுக்கு வயசாயிடுச்சு, அவங்ககிட்ட வேற யார்கிட்டயும் இல்லாத பாட்டு இருக்குன்னா யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அவங்க போயிட்டா அது திரும்பி வராது. நீங்க வேற வழிக்குப் போகணும்னா இங்க இருந்து எப்ப வேணும்னாலும் போகலாம்.

வழி 2: அச்சுல இருக்கற பழைய உருவத்துக்குத் திரும்பறது

இது பழசுக்குப் போற மாதிரி தெரியும், ஆனா இன்னைக்குக் கேக்கறவங்க காதுக்கு இந்த அஞ்சுலயே இதுதான் புதுசா இருக்கும்.

சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்துல இருந்து 1904ல சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினிங்கற ஸ்வரக்குறிப்புப் புஸ்தகத்தை வெளியிட்டார், தெலுங்குல. முத்துசுவாமி தீட்சிதரோட 229 கிருதி ஸ்வரப்படுத்தி இருக்கு. கமகத்துக்குன்னு, அதாவது ஸ்வரத்தை ஆட்டற, சறுக்கற விதத்துக்கு, தனித்தனி குறி போட்டிருக்கார், கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிக்கை. பாதிக்கு மேல வீணைக்காரங்க விரல் வேலையோட பேர், அதனால வீணை தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா அதைப் படிக்கறது பாதி சுலபம். மியூசிக் அகாடமி தமிழ்லயும் கொண்டு வந்திருக்கறதால தெலுங்கு தெரியலங்கறது இப்ப பெரிய தடை இல்ல.

அதைத் திறந்தா முதல்ல மேளப் பேரே, அதாவது தாய் ராகங்களோட பேரே, வேற. நாம கனகாங்கின்னு சொல்றது அங்க கனகாம்பரி, ஹனுமத்தோடி அங்க ஜனதோடி, மேசகல்யாணி அங்க சாந்தகல்யாணி. பேர் மட்டும் மாறினா பரவாயில்ல, ரீதிகௌள அங்க 20ஆவது மேளத்துக்குக் கீழ இருக்கு, அந்த மேளத்துக்குப் பேரே நாரீரீதிகௌள, இன்னைக்கு நாம அதை 22க்குக் கீழ கரகரப்பிரியால பிறந்த ஜன்யமா வச்சிருக்கோம். அதாவது தைவதம்ங்கற ஸ்வரமே விவகாரம். நமக்குப் பழக்கமான கிருதிகள்ல பலதுக்கு அங்க சங்கதி, அதாவது ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடற விதம், கம்மி, பிடிப்புகள் வேற, போற வேகம் வேற. முதல் தடவை பாடிப் பாத்தப்ப தெரிஞ்ச வீட்டுக்குள்ள விளக்கில்லாம நடக்கற மாதிரி இருந்தது எனக்கு, ரெண்டு மாசம் கழிச்சு சில இடங்கள்ல இதுதான் இயற்கையா இருக்கேன்னு தோண ஆரம்பிச்சது.

ஆனா செலவைச் சொல்லணும். வயலின் வாசிக்கறவருக்கு நீங்க பாடற உருவம் தெரியாது, ஒத்திகை இல்லாம மேடை ஏறினா ரெண்டு பேரும் ரெண்டு பாட்டு பாடற மாதிரி ஆகும். என்கிட்ட கத்துக்கற ஒரு பையன் ஒரு போட்டில ப்ரதர்சினியைப் பாத்துக் கத்துக்கிட்டதைப் பாடினான், நடுவர் ஸ்வரம் தப்புன்னு மார்க்கைக் குறைச்சுட்டார். வெளில வந்து அழுதான். தப்பு என்னோடது, போட்டிக்கு அதைக் குடுத்திருக்கக் கூடாது, நான்தான் யோசிக்கல. அப்புறம் ஸ்வரக்குறிப்பு எவ்வளவு நுணுக்கமா இருந்தாலும் அது குரல் கிடையாது, ஒரு கம்பிதத்தை எவ்வளவு ஆட்டறதுன்னு உங்க காதுதான் சொல்லணும், அந்தக் காது வழி 1ல இருந்து வந்திருக்கணும்.

தீட்சிதர் கிருதி மேல ஆசை உள்ளவங்க, வீணைக்காரங்க, ஆராய்ச்சி மனசு உள்ளவங்க, கச்சேரி வாய்ப்புக்கு அவசரப்படாதவங்களுக்கு இது பெரிய சுரங்கம். போட்டி, ரேடியோ ஆடிஷன்னு வரிசையா வச்சிருக்கற பதினாறு வயசுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வழி 3: பாட்டு அதேதான், பாடற விதம் என்னோடது

பெரும்பாலான வித்வான்கள் போன வழி இது, வெளில பாத்தா ஒண்ணுமே மாறாத மாதிரி இருக்கும். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.) நாகஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு அந்த வேகமான பிருகாவைத் தொண்டைக்குக் கொண்டு வந்தார். எம்.டி. ராமநாதன் அதுக்கு நேர் எதிர், கீழ் ஸ்ருதி, யாரும் போகாத விளம்பம், ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு நிறுத்தி அதைக் காதுல ஊற விடுவார். ரெண்டு பேரும் பாடினது தியாகராஜர் கிருதிகள்தான். ராமநாதனோட வழி அவரோட குரலுக்கு ஏத்தது, அந்த கனமான குரல்ல பிருகா ஓட்டப் பாத்திருந்தார்னா நமக்கு அந்த சங்கீதம் கிடைச்சிருக்காது.

அதனால இந்த வழில முதல் கேள்வி உங்க குரல் என்ன கேக்குதுங்கறது. நிறைய பசங்க தனக்குப் பிடிச்ச பாடகரோட குரலை வச்சுத் தன் வழியை முடிவு பண்றாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு தொண்டை கட்டிக்குது. இன்னொரு செலவு கணக்கு மோகம், தாளக் கணக்குல வர்ற கோர்வையும் குறைப்பும் போட்டுப் போட்டு ராகம் காணாம போயிடும். தினம் அரை மணி ஒரே ராகத்துல ஆலாபனை, அதாவது பாட்டு வரி இல்லாம ராகத்தை விரிக்கறது, ஒரு மாசம், மறுநாள் கேட்டுப் பாக்க போன்ல பதிவு, இதுக்கு மேல காசு செலவு கிடையாது. குருவுக்கும் இதுல பொதுவா வருத்தம் இருக்காது, ஏன்னா கிருதியோட எலும்பை நீங்க தொடலை. என்னைக் கேட்டா பத்துல ஏழு பேருக்கு இந்த வழிதான், வேற எதையும் தேடி அலைய வேண்டாம்.

வழி 4: என்ன பாடறோம், எங்க பாடறோம்ங்கறதை மாத்தறது

பாடகர் டி.எம். கிருஷ்ணா பேர் வராம இதைப் பேச முடியாது. வர்ணத்தை முதல்ல பாடாம நடுவுல எடுத்து விரிச்சார், ஆலாபனை பண்ணிட்டு கிருதி பாடாம விட்டார், துக்கடா இல்லாம முடிச்சார். 2015ல இனிமே டிசம்பர் சீசன்ல பாடப் போறதில்லன்னு சொன்னார், ஊரூர் ஆல்காட் குப்பத்துல விழா நடத்தறதுல இருந்தார், எல்லம்மா பக்தர்களான திருநங்கைச் சமூகம் ஜோகப்பாக்களோட சேர்ந்து பாடினார், எழுத்தாளர் பெருமாள்முருகன் பாட்டைப் பாடினார், 2017ல எண்ணூர் கழிவெளியைப் பத்தி சென்னைப் பேச்சுத் தமிழ்ல எழுதின போறம்போக்கு பாட்டை ராகமாலிகையா பாடினார். 2016ல மகசேசே விருது வந்தது, 2024ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது அறிவிச்சப்ப அதை எதிர்த்து சில பாடகர்கள் அந்த வருஷ விழால இருந்தே விலகினாங்க. இதே கிருஷ்ணாதான் ப்ரதர்சினியை வச்சுப் பழைய உருவங்களையும் பாடிப் பாத்தவர், இதை ரெண்டு பக்கத்துக்காரங்களும் மறந்துடறாங்க.

இதுல இன்னொரு கிளை தமிழ்ப் பாட்டு. 1943ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கம் ஆரம்பிச்ச காலத்துல தமிழ்ப் பாட்டுக்குக் கிடைச்ச இடம் கச்சேரியோட வால் பகுதி. இன்னைக்கு சஞ்சய் சுப்ரமண்யன் முழுக் கச்சேரியையும் தமிழ்லயே பாடறார், ஹால் நிறையுது. புதுசா ஏதாவது செய்யணும்னு துடிக்கறவங்களுக்கு இங்க ஒரு பெரிய வசதி இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல: முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் பாட்டுகள்ல நிறையவற்றுக்குப் பழைய மெட்டு கிடைக்கல, நாம கேக்கறதெல்லாம் பின்னாடி வந்தவங்க போட்டது. ஆண்டாள் திருப்பாவைக்கு அரியக்குடி போட்ட மெட்டுதான் இன்னைக்கு மார்கழி காலைல ஒலிக்குது. அதனால இங்க நீங்க மெட்டு போட்டா யாரோட பாடாந்தரத்தையும் உடைக்கல.

செலவு எங்கன்னா, சபாக்காரங்களுக்கு ஒன்றரை மணி நேர ஸ்லாட்டுல என்ன வரும்னு தெரிஞ்சாகணும், பேர் இல்லாத ஒருத்தர் மிருதங்கம் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்தை இடம் மாத்தறேன்னு சொன்னா மிருதங்கக்காரரே ஒத்துக்க மாட்டார். பெரிய பேர் வந்ததுக்கு அப்புறம் அமைப்பை மாத்தினவங்களைப் பாத்துட்டு பேர் வர்றதுக்கு முன்னாடி மாத்தினா ரெண்டாவது வாய்ப்பு கிடைக்காது. பதிவு பண்ணி வெளியிடறதா இருந்தா காப்பிரைட்டும் பாருங்க. இந்தியால எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு, தியாகராஜருக்கு அந்தக் கவலை இல்ல, ஆனா பாபநாசம் சிவன் 1973ல காலமானார், பெரியசாமித் தூரன் 1987ல, அந்தப் பாட்டுகளுக்கு உரிமைக்காரங்க இருக்காங்க. என்னோட ஒரு வீடியோ இந்தக் காரணத்தால எடுக்க வேண்டி வந்தது, மூணு மாச உழைப்பு.

சொல்றதுக்கு ஒரு விஷயம் உள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்கறவங்க மட்டும் இங்க வாங்க. எங்க பாடறோம்ங்கறதை மட்டும் மாத்தறதுன்னா எல்லாரும் இன்னைக்கே செய்யலாம், உங்க தெருப் பள்ளிக்கூடத்துல போய் அரை மணி பாடுங்க, அதுக்கு எந்த சபாவோட அனுமதியும் வேண்டாம்.

வழி 5: புது வாத்தியம், பேண்ட், ஃபியூஷன்

நான் ரெண்டு வருஷம் இருந்த இடம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

வெளி வாத்தியம் உள்ள வர்றதுல எந்தத் தப்பும் இல்ல, ஆனா வந்து நிலைச்சதெல்லாம் உடம்பை மாத்திக்கிட்டு வந்ததுதான். வயலினை மேல்நாட்டு மாதிரி தோள்ல வச்சு நின்னு வாசிக்காம கீழ உக்காந்து கால் மேல சாய்ச்சு, தந்தியை ச ப ச ப-ன்னு சேத்துக்கிட்டோம், அப்பதான் இடது கை தாராளமா சறுக்கி கமகம் கொடுக்க முடியும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஜோடி ஜோடியா எட்டுத் தந்தி இருக்கற மாண்டலினை விட்டுட்டு அஞ்சு ஒத்தைத் தந்தி போட்ட எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார், ஜோடித் தந்தியை இழுத்து வளைக்கறது கஷ்டம், நாதமும் சீக்கிரம் செத்துடும். கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனையே மாத்தி அமைச்சுக்கிட்டார். 1970கள்ல ஆரம்பிச்ச சக்தி ஃபியூஷன் குழு அரை நூற்றாண்டு கழிச்சு 2024ல கிராமி வாங்கினாங்க, அதுல இருந்த ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சங்கீதத்துல கரை கண்டவங்க.

காலேஜ் பேண்ட்ல என்ன ஆகுதுன்னா, கீபோர்டு ஒரு கார்டு, அதாவது பல ஸ்வரத்தைச் சேத்து ஒண்ணா, பிடிச்சு ஸ்வரத்தை ஒரே இடத்துல ஆணி அடிச்சு நிறுத்துது. தோடி காந்தாரம் ஒரு இடத்துல நிக்கற ஸ்வரமே இல்ல, அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கறது. கார்டுக்குப் பொருந்தணும்னு நீங்க தெரியாமலே அதை நேரா நிறுத்த ஆரம்பிப்பீங்க. ஹம்ஸத்வனி, கதனகுதூகலம், மோகனம் மாதிரி ராகங்கள் இதைத் தாங்கும், அழகாவும் இருக்கும். தோடி, சாவேரி, வராளி, சஹானா, பேகடா தாங்காது. இதோட கிளிக் ட்ராக், காதுல டக்டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், நம்ம காலப்ரமாணத்துல, அதாவது பாட்டோட வேகத்துல, இருக்கற அந்தச் சின்ன மூச்சு அதுக்குப் பிடிக்காது. கிதாருக்கு வசதியா இருக்கும்னு ஸ்ருதியை அரைக் கட்டை ஏத்தச் சொல்வாங்க, ஒரு ப்ரோக்ராம்னா சரி, வருஷம் பூரா பாடினா குரல் சொல்லிடும்.

ரெண்டு வருஷம் கழிச்சு என் வாத்தியார் முன்னாடி உக்காந்து பாடினேன். அவர் ஒண்ணும் திட்டல, "காந்தாரம் எங்கப்பா போச்சு?"ன்னு மட்டும் கேட்டார். எனக்கே அது போனது தெரியல, அதுதான் பயமா இருந்தது. பைரவி அட தாள வர்ணம் விரிபோணியை மூணு காலமும், தினம் காலைல, மெதுவா 'ஆ'ன்னு அகாரத்துல பாடிப் பாடித் திரும்பப் பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஸ்டூடியோ வாடகை, மிக்ஸிங் செலவு, மூணு பேர் வேலை கிடைச்சு வெளியூர் போனதால பேண்ட் கலைஞ்சது, இதெல்லாம் அந்த ஒரு வருஷத்துக்கு முன்னாடி பெருசில்ல.

ஆனா அங்க கத்துக்கிட்டதையும் மறைக்கக் கூடாது. அடுத்தவங்க வாசிக்கறப்ப சும்மா இருக்கறது, மைக்கைக் கையாள்றது, ஏழு நிமிஷத்துல சொல்ல வந்ததைச் சொல்றது, ஆலாபனைன்னா என்னன்னே தெரியாதவங்க முன்னாடி நின்னு அவங்க கண்ணைப் பாத்துப் பாடறது எல்லாம் அங்க வந்ததுதான். வெளில வேலை பாத்துக்கிட்டு பாட்டை விடாம இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு, நண்பர்கள் உலகம் முக்கியம்னு இருக்கறவங்களுக்கு, தாளக்காரங்களுக்கு இது நல்ல வழி. மிருதங்கம் வாசிக்கறவங்களுக்குப் பாடறவங்க அளவுக்கு நஷ்டம் இல்ல, மிஸ்ர சாபு ஏழு எந்த மேடைக்குப் போனாலும் ஏழுதான்.

அப்ப யாருக்கு எது

இருபது பாட்டு கெட்டியா இல்லாதவங்களுக்கு வழி 1ஐத் தவிர வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. இருபதுல இருந்து அம்பதுக்குள்ள இருந்தா வழி 3ஐச் சேத்துக்கலாம். அதுக்கு மேலன்னா 2, 4, 5ல எது வேணும்னாலும், ஆனா ஒரே நேரத்துல ரெண்டு வேண்டாம், உடம்பும் நேரமும் பத்தாது. திரும்பி வர்ற கணக்கு பாத்தா 1, 2, 3ல ஒண்ணும் நஷ்டமில்ல, 4ல உறவுகள்ல கொஞ்சம் போகும், 5ல காது போகும், அதுக்கு மருந்து தினசரி வர்ணம்.

அதோட இந்த முடிவை ஆயுசுக்கும் சேத்து எடுக்காதீங்க, பாட்டுக்குப் பாட்டு எடுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பேண்டுக்குப் போ, ஹம்ஸத்வனியும் கதனகுதூகலமும் எடுத்துட்டுப் போ, தோடியை எடுக்காத, காலைல வர்ணத்தை விடாத. உன் டீச்சர்கிட்ட மாத்திப் பாடி முகம் வாட வைக்காம, மாத்தறதுக்கு முன்னாடி போய்க் கேளு, பேகடால ஒரே ஒரு சங்கதியை வச்சு, இதை இப்படிப் பாடலாமான்னு.

தை மாசம் அவ வந்து சொன்னா. டீச்சர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலையாம், அப்புறம் அதே இடத்துல வேற ஒரு சங்கதி பாடிக் காட்டினாங்களாம், அவங்க குரு சொல்லிக் குடுத்தது, இவ கேக்கற வரைக்கும் யாருக்கும் அதைச் சொல்லிக் குடுக்கணும்னு தோணலையாம். இப்ப அவ நோட்டுல அந்த வரிக்குப் பக்கத்துல மூணு சங்கதி எழுதியிருக்கு, மூணாவது அவளோடது, அதுல ஒரு நிஷாதத்தை மட்டும் டீச்சர் பென்சில்ல திருத்தி இருக்காங்க.